கணக்கில் ஏறாத கடன்



வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்குக் கடன் என்றால் என்னவென்று யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு, வாடிக்கைக்காரரிடமிருந்து வர வேண்டியது எவ்வளவு, மாதம் பிறந்தால் கடை வாடகை எவ்வளவு என்பதெல்லாம் நம் நாவின் நுனியில் நிற்கும். ஆனால் நாள்வழியிலும் பேரேட்டிலும் நாம் பதியாத கடன் ஒன்று நம் கடைகளில் அன்றாடம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒரு முகச் சுளிப்பு, ஒரு பட்டப் பெயர், ஒரு கேலிச் சிரிப்பு, பக்கத்தில் நிற்பவருக்கு விளங்காத பாஷையில் ஒரு பேச்சு ஆகிய இவற்றால் பிறர் மனத்தில் உண்டாகும் காயமே அந்தக் கடன். இது பற்றி நம் மார்க்கம் என்ன சொல்கிறது, கடையில் இருக்கும் நாம் என்ன செய்யலாம் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

நாம் வாழும் இடம்

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் ரோட்டிலே 1826-ல் நம் முன்னோர் நிறுவிய ஜாமியா சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சில அடிகள் நடந்தால் மாரியம்மன் கோயில். பக்கத்துத் தெருக்களுக்கு மாஸ்க் ஸ்திரீட் என்றும், டெம்பிள் ஸ்திரீட் என்றும், பகோடா ஸ்திரீட் என்றும் பெயர். இவை யாவும் இருப்பது சீனர் நிறைந்த சைனா டவுனிலே! பினாங்கிலும் அப்படியே. பழைய பிட் ஸ்திரீட்டில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் சீனரின் குவான் யின் கோயிலும் ஒரே தெருவில் நிற்கின்றன.

நம் முன்னோர் இவ்வூர்களுக்கு வந்து காலூன்றியது பல இனத்தாரோடும் கொடுத்து வாங்கியதனால்தான். இன்று நம் கடைகளையே பாருங்கள். முதலாளி தமிழ் முஸ்லிம். பணம் வாங்கும் இடத்தில் மலாய்ச் சகோதரி. சரக்கு இறக்குபவர் சீனர். மலேசியாவில் பல உணவுக்கடைகளில் அடுப்படியில் நிற்பவர் பங்களாதேஷ் நாட்டவரோ இந்தோனேசியரோ. மேசைக்கு வருபவர் யாராகவும் இருக்கலாம். ஒரு நாளில் இத்தனை பேரோடு பழகும்போது வாய்ச் சண்டை வருவது அபூர்வம். சண்டை வராத இடத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நாம் எண்ணிவிடுகிறோம். அங்கேதான் இந்தக் கடன் சப்தமின்றி ஏறுகிறது.

கல்லாவின் முன் மூன்று பேர்

மூன்று பேர் கூடியிருக்கும்போது ஒருவரை விட்டுவிட்டு மற்ற இருவர் இரகசியம் பேச வேண்டாம் என்றும், அது அந்த மூன்றாமவரைக் கவலைக்குள்ளாக்கும் என்றும் பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இப்னு மஸ்ஊது (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம் பெற்றது. இதில் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். அந்த இருவரும் மூன்றாமவரைப் பற்றித் தீமை பேசினார்கள் என்று ஹதீதில் இல்லை. நல்ல விஷயமே பேசியிருக்கலாம். ஆயினும் தனித்து விடப்பட்டவரின் மனம் என்ன பாடுபடும் என்பதே தடைக்குக் காரணமாகக் காட்டப்பட்டிருக்கிறது.

ஹிஜ்ரி 676-ல், அதாவது கி.பி. 1277-ல் வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தங்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ என்னும் கிரந்தத்தில் இந்த ஹதீதுக்குத் தலைப்பு எழுதும்போதே ஒரு விளக்கத்தையும் சேர்த்தார்கள். மூன்றாமவருக்குப் புரியாத பாஷையில் இருவர் பேசிக்கொள்வதும் இரகசியம் பேசுவது போன்றதே என்பது அவ்விளக்கம். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட இந்தச் சிறு வாசகம் நம் கடைகளுக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது அல்லவா?

ஒரு துணிக்கடையை எண்ணிப் பாருங்கள். மலாய் மாது ஒருவர் ஒரு துணியின் விலை கேட்கிறார். முதலாளி உள்ளே திரும்பி, “தம்பி, போன தடவை இதை என்ன விலைக்கு எடுத்தோம்?” என்று தமிழில் கேட்கிறார். உள்ளே இருக்கும் தம்பி வேறு எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே பதில் சொல்கிறார். பேச்சில் தவறு எதுவுமில்லை. ஆனால் அந்த மாதின் காதில் விழுந்தது என்ன? புரியாத நாலு வார்த்தையும் ஒரு சிரிப்பும்தான். தம் உடையைப் பற்றியோ தம் பணத்தைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று அவர் எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் எதுவும் கேட்க மாட்டார். துணியை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

“தாய்மொழி பேசுவது குற்றமா?” என்று சிலர் கேட்கலாம். குற்றமல்ல. அனுமதி பெற்றோ, தேவை ஏற்பட்டோ பேசுவதை இமாம் அவர்களும் விலக்கியே வைத்துள்ளார்கள். ஆகவே தமிழில் கேட்பதற்கு முன், “மாஃப், செபெந்தார், விலையை விசாரித்துச் சொல்கிறேன்” என்று அந்த மாதிடம் அவருடைய பாஷையிலேயே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தையால் மூன்றாமவர் பேச்சுக்குள் சேர்ந்துவிடுகிறார். பிறகு பேசுவது இரகசியமாகாது. கடைக்குள் வேலை செய்யும் சிப்பந்திகளுக்கும் இதே விதிதான். நான்கு தமிழரிடையே ஒரு மலாய்க்காரரோ, ஒரு பங்களாதேஷ் சகோதரரோ வேலை செய்தால், வேலை சம்பந்தமான பேச்சையாவது அவருக்கும் விளங்கும் பாஷையில் பேசுவது கடமை.

பெயரும் பட்டப் பெயரும்

நம்மைக் குறிக்க இந்நாட்டில் வழங்கிய ‘கிளிங்’ என்னும் சொல்லை எல்லோரும் அறிவோம். கலிங்க நாட்டுப் பெயரிலிருந்து பிறந்த இச்சொல் ஒரு காலத்தில் தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தவரைச் சுட்டும் சாதாரணப் பெயராக இருந்தது. அதனால்தான் பினாங்குப் பள்ளிவாசலின் பெயரிலும் அது நிற்கிறது. காலப்போக்கில் அதே சொல் இழிவுச் சொல்லாகிவிட்டது. இன்று ஒருவர் நம்மைப் பார்த்து அப்படிச் சொன்னால் நம் முகம் எப்படி மாறுகிறது? சொன்னவர், “பழைய பெயர்தானே, இதில் என்ன?” என்றால் நம் மனம் ஆறுகிறதா?

அந்த வலியை அறிந்த நாம் பிறரை எப்படி அழைக்கிறோம்? சிப்பந்திக்கு அவருடைய பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்க, “ஏ பங்களா, இங்கே வா!” என்று நாட்டின் பெயரால் அழைப்பது எத்தனை கடைகளில் நடக்கிறது? “அந்தச் சப்பை மூக்கன் வந்தானா?” என்று சரக்குக் கொண்டுவரும் சீனரைப் பற்றிக் கேட்பது எத்தனை பேர் வாயில் வருகிறது? நம் சமூகத்துக்குள்ளேயே ஊர்ப் பெயரையும் வமிசப் பெயரையும் சொல்லிக் கிண்டல் செய்வதும், புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவரைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய மார்க்கத்தைச் சொல்லிக் குறிப்பிடுவதும் இல்லையா?

திருக்குர்ஆனில் 49-ஆவது அத்தியாயமாகிய ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11-ஆவது ஆயத்தில், ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிப்பதையும், குறை கூறுவதையும், பட்டப் பெயர் சூட்டி அழைப்பதையும் அல்லாஹ் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுக்கின்றான். பரிகசிக்கப்படுபவர் பரிகசிப்பவரைவிட மேலானவராக இருக்கக்கூடும் என்ற எச்சரிக்கையும் அங்கேயே உண்டு. இரண்டு ஆயத்துக்குப் பின், மனிதர்களைப் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று இறைவன் காரணமும் கூறுகின்றான். ஒருவரை அறிவதற்கு முதற்படி அவர் பெயரை அறிவதல்லவா? ஓராண்டு நம்மிடம் வேலை செய்தவரின் பெயரே நமக்குத் தெரியவில்லையென்றால், அந்த ஆயத்தில் நாம் கற்ற பாடம் என்ன?

பள்ளியைப் பெருக்கியவர்

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கிச் சுத்தம் செய்துவந்த கறுப்பு நிறத்தவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் அவரைக் காணாத பெருமானார் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். அவர் இறந்துவிட்டார் என்று ஸஹாபாக்கள் கூறினர். எனக்கு ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்ட நாயகம் (ஸல்) அவர்கள், அவருடைய கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று ஜனாஸாத் தொழுகை நடத்தினார்கள். ஸஹாபாக்கள் அவருடைய காரியத்தைச் சிறிதாக எண்ணிவிட்டார்கள் போலும் என்று அபூஹுரைரா (ரலி) அவர்களின் அறிவிப்பில் வருகிறது.

அங்கே யாரும் அவரை ஏசவில்லை, அடிக்கவில்லை, அடக்கமும் முறையாகச் செய்தார்கள். ஆயினும் இவருக்காகப் பெருமானாரைத் தொந்தரவு செய்வானேன் என்று எண்ணியதிலேயே ஒரு குறை இருந்தது. நுட்பமான பாகுபாடு என்பது இதுதான். நல்ல மனிதர்களிடமும் இது நுழைந்துவிடும் என்பதனாலேயே நாம் விழித்திருக்க வேண்டும். நம் கடையில் தமிழ்ச் சிப்பந்தியின் தாயார் மௌத்தானால் உடனே ஊருக்கு அனுப்ப வழி தேடுகிறோம். கோப்பை கழுவும் வேற்று நாட்டவருக்கு அதே துக்கம் வந்தால், அதே வேகத்தில் வழி தேடுகிறோமா?

யாருக்கு முதல் கவனிப்பு?

ஸூரா ‘அபஸ’ இறங்கிய வரலாறு நம் பிள்ளைகளும் மதரஸாவில் ஓதுவதே. பெருமானார் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களுக்கு மார்க்கத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தார்கள். அவ்வேளையில் கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் இடையே வந்து கேட்க, நாயகத்தின் திருமுகம் சற்றே சுருங்கியது. வந்தவரோ முகத்தைக் காண இயலாதவர். அவரை நோக்கி ஒரு கடுஞ்சொல்லும் சொல்லப்படவில்லை. தலைவர்கள் நேர்வழி பெற வேண்டும் என்ற ஆவலினாலேயே அது நேர்ந்தது. அப்படியிருந்தும் அல்லாஹ் வஹீ இறக்கித் திருத்தினான். பிற்காலத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அந்த ஸஹாபியைப் பெரிதும் கண்ணியப்படுத்தினார்கள். தாங்கள் வெளியூர் சென்ற காலங்களில் மதீனாவில் தங்களுக்குப் பதிலாக அவரை நியமித்துச் சென்றதும் உண்டு.

கண் தெரியாதவருக்கு முன் தோன்றிய முகக் குறிப்புக்கே இத்தனை கவனம் என்றால், கண் உள்ளவர் முன் நாம் காட்டும் முகத்துக்கு என்ன சொல்வது? பணம் மாற்றும் கடையில் பெரிய நோட்டுக் கட்டோடு வருபவருக்கு நாற்காலி. கூலி வேலை செய்து சேர்த்த சிறு தொகையோடு வருபவருக்குக் கண்ணாடிக்கு அடியில் தள்ளிவிடும் காசு. நகைக்கடையில் ஒருவருக்குத் தட்டுத் தட்டாகக் காட்டுகிறோம்; இன்னொருவர் கேட்டதும், “அது விலை அதிகம்” என்று பொருளைக் காட்டுமுன்பே சொல்லிவிடுகிறோம். ஒரு நிறத்தார் கடைக்குள் நடந்தால் ஒரு பையனைப் பின்னாலேயே அனுப்புகிறோம். இவற்றை யாரும் புகாராக எழுத முடியாது. அதனால்தான் இவை நீடிக்கின்றன.

அடுப்பின் சூட்டைத் தாங்கியவர்

பணியாள் உணவைக் கொண்டுவந்து வைத்தால் அவரையும் உடன் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் ஒரு கவளம், இரு கவளமாவது கொடுங்கள். அதைச் சமைக்கும் சூட்டையும் உழைப்பையும் தாங்கியவர் அவரல்லவா என்னும் கருத்தைப் பெருமானார் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். உணவுக்கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஹதீது வேறு எது? தமிழ்ச் சிப்பந்திக்கு மீன் துண்டும், வேற்று நாட்டவருக்கு வெறும் குழம்பும் வைக்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால், அதை இன்றே நிறுத்த வேண்டும். நம்மிடம் வேலை செய்யும் சீனரும் இந்துக்களும் உண்ணும் உணவைப் பற்றி முகஞ்சுளித்துப் பேசுவதும் கூடாது. நமக்கு ஹராமானதை நாம் தொடாமலிருக்கலாம். உண்பவரை இழித்துப் பேச நமக்கு அனுமதி ஏது?

அபூதர் (ரலி) அவர்கள் மேன்மையான ஸஹாபி. அவர்கள் ஒருமுறை ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழித்துவிட்டார்கள். அவர் பிலால் (ரலி) என்று பலரும் கூறுவர். உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யாக் காலத்துக் குணம் இருக்கிறது என்று கண்டித்த நாயகம் (ஸல்) அவர்கள், பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையும் உடுப்பதையும் அவர்களுக்கும் கொடுங்கள் என்று கட்டளையிட்டார்கள். பின்னாளில் ரபதா என்னும் ஊரில் அபூதர் (ரலி) அவர்களைக் கண்ட ஒருவர், அவர்களும் அவர்களுடைய பணியாளும் ஒரே விதமான ஆடை அணிந்திருப்பதைப் பார்த்து வியந்து காரணம் கேட்டார். அப்போதுதான் இந்த வரலாறே சொல்லப்பட்டது. வருந்துவதோடு நில்லாமல், அந்தத் திருத்தத்தை உடம்பின் மேலேயே அணிந்து நடந்தார்கள்!

நம்மைப் பிறர் புண்படுத்தும்போது

நாமும் பிறரிடம் இத்தகைய வார்த்தைகளைக் கேட்கிறோம். வாடகை வீடு தேடும்போதும், அலுவலகங்களில் காத்திருக்கும்போதும், கடைக்கு வந்து விரலைச் சொடுக்கி அழைக்கும்போதும் நம் இனத்தைச் சொல்லி ஒரு கேலி வரக்கூடும். அப்போது என்ன செய்வது? மதீனாவில் பிற சமயத்தவர் சிலர் நாயகம் (ஸல்) அவர்களுக்கு ஸலாம் சொல்வது போல் நாவை வளைத்து, மரணம் உண்டாகட்டும் என்னும் பொருள்பட வாழ்த்தினர். ஆயிஷா (ரலி) அவர்கள் கொதித்துப் பதில் கூறினார்கள். பெருமானாரோ, அதே உங்களுக்கும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டு, அல்லாஹ் எல்லாக் காரியத்திலும் மென்மையை விரும்புகின்றான் என்று ஆயிஷா (ரலி) அவர்களுக்கு உணர்த்தினார்கள்.

அவர்கள் காதில் விழாதது போல் இருந்துவிடவுமில்லை, சண்டையை வளர்க்கவுமில்லை. நாமும் அப்படியே, “அந்தச் சொல் எங்களை வருத்தும், வேண்டாமே” என்று நேராகவும் நிதானமாகவும் சொல்லலாம். பலர் அறியாமையால் பேசுகிறவர்களே. நம் சிப்பந்தி ஒருவரை வாடிக்கைக்காரர் இழிவாகப் பேசினால் முதலாளியே அவர் பக்கம் நின்று இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும். பத்து வெள்ளி வியாபாரத்துக்காக மௌனமாக இருப்பது அந்தச் சிப்பந்தியின் மானத்தை விற்பதாகும்.

சட்டமும் ஷரீஅத்தும்

சிங்கப்பூர் நாடாளுமன்றம் 2025 ஜனவரியில், இனம், மதம், மொழித் திறன், தேசியம் முதலியவற்றைக் காரணமாகக் கொண்டு வேலையில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 25 பேருக்குக் குறைவான ஊழியர் உள்ள நிறுவனங்களுக்குத் தொடக்க காலத்தில் விலக்கு உண்டு. மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, 2023 ஜனவரி 1 முதல் வேலையில் பாகுபாடு பற்றிய தகராறுகளைத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரித்து உத்தரவிட வழி ஏற்பட்டுள்ளது.

நம் கடைகளில் பெரும்பாலானவை சிறியவை. விலக்கு உண்டு என்று சிலர் நிம்மதியடையலாம். ஆனால் நாம் மேலே கண்ட ஹதீதில் சொல்லப்பட்டது இருபத்தைந்து பேரல்ல, மூன்றே பேர்! “இவையெல்லாம் முஸ்லிம்களுக்குள் உள்ள விதிதானே?” என்று எண்ணவும் இடமில்லை. உடன்படிக்கையின் கீழ் நம்மோடு வாழும் பிற சமயத்தவருக்கு அநீதி செய்பவருக்கு எதிராக மறுமையில் தாமே வாதிடுவதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்திருப்பதை அபூதாவூதில் காணலாம். வேலைக்கு அமர்த்துவதும் ஓர் உடன்படிக்கையே.

திவாலானவர் யார்?

ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் ஸஹாபாக்களிடம், திவாலானவர் யார் என்று கேட்டார்கள். திர்ஹமும் பொருளும் இல்லாதவர் என்றனர் அவர்கள். அதற்குப் பெருமானார் தந்த விளக்கத்தின் கருத்து இதுவாகும்: தொழுகை, நோன்பு, ஜகாத்து ஆகிய நன்மைகளோடு மறுமைக்கு வருபவர் ஒருவர் இருப்பார். அவர் ஒருவரை ஏசியிருப்பார். ஒருவர் மீது அவதூறு சொல்லியிருப்பார். ஒருவர் பொருளைத் தின்றிருப்பார். அவருடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படும். நன்மை தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் இவர் தலையில் ஏற்றப்படும். முஸ்லிம் கிரந்தத்தில் வரும் இந்த ஹதீது வியாபாரிகளுக்கு எளிதில் விளங்கும். வரவு நிறைய இருந்தும் கடன்காரர் கூடி வந்தால் கடை மூழ்கும். மனிதருக்குச் செய்த தீங்கை அந்த மனிதரிடமே தீர்க்க வேண்டும். இன்று ஒரு மன்னிப்பு வார்த்தையால் தீரக்கூடியதை அன்று நம் தொழுகையைக் கொடுத்துத் தீர்க்க வேண்டிவரும். வேலை அனுமதி முடிந்து நாடு திரும்பிவிட்ட ஒருவரைப் பிறகு எங்கே போய்த் தேடுவது?

ஆகவே பின்வரும் ஐந்தையும் நம் கடைகளில் கைக்கொள்வோமாக:

1. ஒவ்வொரு சிப்பந்தியையும் அவருடைய பெயரால், அவர் விரும்பும் உச்சரிப்பில் அழைப்போம்.

2. மூன்றாமவர் முன்னிலையில் தமிழ் பேச நேர்ந்தால் அவருக்கு விளங்கும் பாஷையில் முதலில் ஒரு வார்த்தை சொல்வோம்.

3. முதலில் வந்தவருக்கே முதல் கவனிப்பு. மீதிக் காசு யாருக்கும் ஒரே விதமாய்ப் பணிவோடு.

4. உணவு, ஓய்வு, பெருநாள் விடுமுறை, துக்கத்துக்கு விடுப்பு ஆகியவற்றில் எல்லோருக்கும் ஒரே அளவு.

5. நாம் சொன்னது யாருக்கேனும் வருத்தம் தந்ததாகத் தெரிந்தால், “விளையாட்டுக்குத்தான் சொன்னோம்” என்று மழுப்பாமல் அன்றே மன்னிப்புக் கேட்போம்.

இரவில் கல்லாவை எண்ணி முடித்ததும் இந்தக் கணக்கையும் ஒரு நிமிஷம் பார்ப்பது நல்லது. பணக் கணக்கில் ஐந்து காசு குறைந்தாலும் தேடாமல் படுக்காத நாம், மனிதக் கணக்கில் குறைந்ததையும் தேட வேண்டாமா?

வல்ல அல்லாஹ் நம் நாவையும் முகத்தையும் பிறருக்கு நோவு தராதவையாக ஆக்கி, மனிதருக்குரிய ஹக்குகளை இம்மையிலேயே தீர்த்துவிட நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.